கதவைத் தட்டினது யாரென்று அண்ணனுக்குத் தெரியவேண்டும்

அண்ணனுக்குக் கதை சொல்வதென்றால் பெல் கேட்டுத்தான் சொல்ல வேண்டும். அரசு பஸ்ஸில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த காலமெல்லாம் முதுகுக்குப் பின்னால் கண்டக்டர் இழுக்கும் கயிற்றுக்குக் கட்டுப்பட்டுக் கிடந்தவர். ஒரு பெல் கேட்டால் நிறுத்த வேண்டும், இரண்டு பெல் கேட்டால் எடுக்க வேண்டும். அந்த ஆத்திரத்தை எல்லாம் இப்போது என்மேல் தீர்த்துக்கொள்கிறார். கட்டிலின் இரும்புக் கம்பியில் மோதிர விரலால் ஒரு தட்டு. நான் வாயை மூட வேண்டும். மூத்திரம் போகவோ, மைனி, அதாவது அண்ணி, கொண்டுவரும் மாத்திரையை விழுங்கவோ, நடந்ததை மனதில் போட்டு மெல்லவோ அவருக்கு நேரம் வேண்டும். பிறகு இரண்டு தட்டு. வண்டி எடுக்கலாம்.

கதை எங்களுடையது இல்லை. ஏழு கடல் தாண்டி எங்கோ இருக்கும் ஒரு வெள்ளைக்காரக் கிழவருடையது. மலையை நிழலால் மூடும் பறவைகள், செத்தவர்களோடு பேசும் ஒரு தோணிக்காரியின் மகள், உப்பு விளையும் ஒரு ராஜ்யம், அதற்கு அடித்துக்கொள்ளும் நாலு குடும்பம். ஒவ்வொரு பாகமும் தலையணை கனம். முதல் பாகத்தைத் திருவனந்தபுரத்தில் பழைய புத்தகக் கடையில் வாங்கினேன். பாறசாலையில் என் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஆள் வராத மத்தியானங்களில் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு வாசித்தேன். அந்தச் சமயத்தில்தான் அண்ணனின் கண்ணில் சர்க்கரை ஏறி உள்ளே ரத்தம் கசிந்து இரண்டும் மங்கிப்போயின. ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டுவிடும் தம்பி, சொந்த அண்ணனுக்கு எந்தக் கண்ணாடியாலும் உதவ முடியாமல் நின்றேன். வேறு வழி தெரியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை சபை ஆராதனை முடிந்து வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்ல ஆரம்பித்தேன். ஐந்து பாகம் முடியும்வரை நிறுத்தவில்லை.

வாயில் நுழையாத பேர்களையெல்லாம் அண்ணன் முதல் வாரமே மாற்றிவிட்டார். எப்போதும் சரிகைக் கரை வைத்த வெள்ளை உடுத்தி வரும் ராணி, அந்தத் துணியை நெய்யும் ஊரின் பேரால், பாலராமபுரத்துக்காரி. ராஜ்யத்தின் வட எல்லையில், மலைக் கணவாயின் ஒற்றைக் கதவைக் காவல் காக்கும் வயதான சேவகன், செக்போஸ்ட்காரன். இந்த ஆள் கதையில் பெரிய ஆள் ஒன்றுமில்லை. ஆனால் அண்ணனுக்கு அவனைத்தான் பிடித்தது. கணவாய்க் காற்றில் தனியே உட்கார்ந்து, வருபவன் யார், போகிறவன் யார், பொதியில் என்ன என்று கேட்பதே அவன் வேலை. களியக்காவிளை எல்லைச் செக்போஸ்ட் வழியாக ஆயிரம் தடவை வண்டி ஓட்டியவருக்கு அது சொந்தக்காரன் கதை மாதிரி இருந்தது.

ஐந்தாம் பாகம் இப்படி முடிகிறது. பனி. இருட்டு. செக்போஸ்ட்காரன் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறான். பல வருஷமாக யாருமே வராத அந்தப் பக்கத்திலிருந்து கதவை யாரோ தட்டுகிறார்கள். எழுந்து போய்த் தாழ்ப்பாளில் கை வைக்கிறான். அவ்வளவுதான். அட்டை வந்துவிடுகிறது.

“பிறவு?” என்று கேட்டார் அண்ணன்.

“பிறவு ஆறாம் பாகம்.”

“அது எப்ப?”

“எழுதிட்டு இருக்காராம்.”

அண்ணன் கம்பியில் ஒரே ஒரு தட்டு தட்டினார். வண்டி நின்றது. அப்போது எனக்குத் தலை நரைத்திருக்கவில்லை.

இந்தக் கதையே டிவித் தொடராக வந்தபோது நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். அவர்கள் முதல் பாகத்தில் நிற்கிறார்கள், நாம் ஐந்து முடித்தவர்கள். அண்ணனின் மகன் திருவனந்தபுரத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டு வந்து கூடத்தில் உட்கார்ந்து பார்ப்பான். யாராவது சாகப்போகிறார்கள் என்றால் உள் அறையிலிருந்து அண்ணன், “மக்கா, அவனுக்குத் தலை போகும் பாத்துக்க,” என்று முன்கூட்டியே சத்தம் கொடுத்து அவன் வாயிலிருந்து வசவு வாங்குவார். கண் தெரியாதவர், ஆனால் வீட்டில் எல்லாருக்கும் முன்னால் பார்த்தவர். அந்தச் சந்தோஷம் சில வருஷம் ஓடியது.

டிவிக்காரர்கள் வருஷத்துக்கு ஒரு பாகமாகத் தின்றுகொண்டே வந்தார்கள். கிழவர் எழுதவில்லை. ஒருநாள் அண்ணன் சொன்னார், “எலே, பஸ் வேகமா வருது. ரோடு போடுறவன் எங்க நிக்கான்?”

ரோடு போடுகிறவர் பூசணிக்காய் வளர்த்துக்கொண்டிருந்தார். நான் பொய் சொல்லவில்லை. அவருடைய வலைப்பக்கத்தில் அதைப் பற்றித்தான் இருந்தது. எந்த உரம், எத்தனை கொடி, மழை பெய்ததா. ஆறாம் பாகத்தைப் பற்றிக் கடைசியில் ஒரு வரி: நன்றாகப் போகிறது. நான் கடையில் உட்கார்ந்து அவருடைய புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பேன். இமைக்கு மேல் மஞ்சள் திட்டு. கொழுப்பு கூடுதல், இருதயத்துக்கு ஆகாது. கண்ணாடி போன படத்தில் இருந்ததைவிடத் தடிமன். பவர் ஏறியிருக்கிறது, சொந்தக் கையெழுத்தே தெரியாது. என் வாடிக்கையாளர் யாருடைய கண்ணையும் நான் அவ்வளவு அக்கறையாகப் பார்த்ததில்லை.

பஸ் ரோட்டைத் தாண்டிப் போன வருஷம் எனக்குப் பயித்தியம் பிடித்தது. இனி டிவியில் வருவது எங்களுக்குத் தெரியாத கதை. கதவைத் தட்டினது யாரென்று எந்த நாய் வேண்டுமானாலும் எந்த நேரத்திலும் என் காதில் போட்டுவிடலாம். அதை எழுதினவர் வாயிலிருந்துதான் கேட்பேன் என்று ஒரு வைராக்கியம். என்னவோ உயில் வாசிப்பது மாதிரி. குடும்ப வாட்ஸப் குழுவில் மருமகப்பிள்ளைகள் தொடரின் படங்களைப் போடுகிறார்கள் என்று அதிலிருந்து வெளியே போனேன். திருப்புறத்தில் ஒரு மாமா இறந்தது அதனால் எனக்குத் தெரியவில்லை. அடக்கம் முடிந்து எல்லாரும் காப்பி குடிக்கும் நேரத்தில் போய் நின்றேன். “கடையில திரக்கு,” என்றேன். அந்தக் கடையில் என்றைக்கும் கூட்டம் இருந்ததில்லை என்று மாமிக்குத் தெரியும்.

கடையிலும் நிம்மதி இல்லை. கண் சோதிக்க வந்த ஒரு பையன், லென்ஸ் மாற்றும் இடைவெளியில், “சேட்டா அந்த சீரியல் பாக்கியளா, நேத்து...” என்று தொடங்கினான். நான் அவன் மூக்கில் இருந்த சோதனைச் சட்டத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, “பேசினா அளவு மாறும்,” என்றேன். பாவம், மூச்சுகூட விடாமல் உட்கார்ந்திருந்தான். அதற்குப் பிறகு அதை ஒரு விதியாகவே வைத்துக்கொண்டேன். என் கடையில் கண் சோதிக்கும்போது பேசக்கூடாது என்று ஊரில் இன்றைக்கும் ஒரு பயம் இருக்கிறது. சிலர் அதைக் கைராசி என்று சொல்கிறார்கள்.

இந்தக் கூத்தெல்லாம் நான் ஆடிக்கொண்டிருந்தபோது அண்ணனுக்குக் கிட்னி போய்விட்டது. நெய்யாற்றின்கரைக்குக் கொண்டுபோய் ரத்தம் சுத்தம் செய்து கூட்டி வருவார்கள். வந்த அன்று முழுக்க வாடிய கீரை மாதிரிக் கிடப்பார். மறுநாள் கொஞ்சம் எழும்புவார். எழும்பினதும் முதல் கேள்வி, “அவன் எழுதினானா?”

அந்த நாட்களில் ஒருமுறை அண்ணன் வீட்டில் வீட்டு ஜெபம் நடந்தது. உபதேசியார் வழக்கம்போல ஒவ்வொருவரிடமும் ஜெபக்குறிப்பு கேட்டுக்கொண்டே வந்தார். ஒருத்திக்கு மகளின் கல்யாணம், ஒருத்திக்கு மகனின் விசா. கடைசியில் கட்டில் பக்கம் திரும்பினார்.

“அண்ணனுக்க சரீர சுகத்துக்கு வேண்டி ஜெபிப்போம்.”

“எனக்கு வேண்டாம் உபதேசியாரே,” என்றார் அண்ணன். “அந்த எழுத்துக்காரனுக்கு வேண்டி ஜெபியுங்க. அவனுக்கு ஆயுசு வேணும்.”

புத்தி பிசகிவிட்டது என்று பெண்கள் மைனியைப் பார்த்தார்கள். மைனி என்னைப் பார்த்தாள். பாவத்துக்கு மூலகாரணம் நானாக்கும் என்று அந்தப் பார்வை சொல்லிற்று. நான் எழுந்து விளக்க வேண்டியதாயிற்று.

“ஆளு விசுவாசியா?” என்று கேட்டார் உபதேசியார்.

“தெரியாது.”

“என்ன கதையாக்கும் எழுதுறாரு?” இது ஓய்வுபெற்ற நர்ஸ் அக்கா.

“ராஜா ராணி கதை.”

“அப்ப நல்ல கதைதானே.”

“கொஞ்சம் மந்திரவாதமும் உண்டு.” சொல்லியிருக்க வேண்டாம். என் நாக்கு அப்படி. “செத்தவங்க கூடப் பேசுற பிள்ளை ஒண்ணு உண்டு.”

நர்ஸ் அக்கா பைபிளை மூடினாள். உபதேசியார் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு தீர்ப்பு சொன்னார்: “ஆளுக்கு வேண்டி ஜெபிக்கலாம். கதைக்கு வேண்டி ஜெபிக்க முடியாது.” அப்படியே ஜெபித்தார். தூர தேசத்திலிருக்கும் அந்தப் பெரியவரின் இருதயத்தையும் கண்ணையும் கை விரல்களையும் தொட வேண்டும் என்று கேட்டார். அவர் எழுதுகிற காரியத்தைத் தேவ சித்தத்துக்கு விட்டுவிட்டார். அண்ணன் எல்லாருக்கும் மேல் சத்தமாக ஆமென் சொன்னார்.

விஷயம் வேலி தாண்டிப் பக்கத்து வீட்டுச் சேட்டனுக்கும் போய்விட்டது. அவர் அண்ணனோடு ஒரே டிப்போவில் கண்டக்டராக இருந்தவர். மறுநாள் செங்கல் என்ற ஊரின் சிவன் கோயிலுக்குக் கிளம்பும்போது வேலியோரம் நின்று என்னைக் கூப்பிட்டார்.

“ஆயுளுக்கு ஒரு புஷ்பாஞ்சலி கழிக்கலாம். அந்தாளுக்க நாளு ஏதாக்கும்?”

நட்சத்திரம் கேட்கிறார். “சேட்டா, வெள்ளைக்காரனுக்கு ஏது நட்சத்திரம்?”

“அவனும் ஏதாவது ஒரு நாள்ல தானே டேய் பெறந்தான்?”

பிறந்த தேதியைப் போனில் போட்டுப் பார்த்தேன். பூராடம் என்று வந்தது. கோயில் கவுண்டரில் சேட்டன் பேரைச் சொன்னபோது எழுதுகிறவர் மூன்று தடவை கேட்டுவிட்டு, கடைசியில் பூராடம் மட்டும் சரியாக எழுதினாராம். ஆக, இயேசுவிடமும் சிவபெருமானிடமும் மனு போயாயிற்று. அந்த மாதம் கிழவருக்குப் பூசணி நன்றாகக் காய்த்தது. வலைப்பக்கத்தில் படம் போட்டிருந்தார். ஒவ்வொன்றும் உரல் கனம். ஜெபித்தவர்கள் எதற்கு என்று தெளிவாகக் கேட்டிருக்கலாம்.

டிவித் தொடரின் கடைசிப் பாகமும் வந்து, முடிந்து, அதைத் திட்டுகிறவர்களும் திட்டி ஓய்ந்தார்கள். கிழவர் எழுதவில்லை. அந்த வருஷங்களிலெல்லாம் அண்ணனின் மகன் டிவி பார்க்கும் நேரத்தில் நான் அந்த வீட்டுக்கே போகாமல் இருந்தேன். அப்படிப் போகாமல் விட்ட ஞாயிறுகள் எத்தனையோ. ஒருநாள் நான் போய் உட்கார்ந்ததும் என் கையைத் தேடிப் பிடித்தார். மெலிந்த கை. ஊசி குத்தும் இடத்தில் நரம்பு கயிறு மாதிரிப் புடைத்து, உள்ளே ரத்தம் ஓடும் அதிர்வு தெரிந்தது.

“டிவில தீந்துபோச்சில்லா?”

“தீந்துபோச்சு.”

“அப்ப அதுல உள்ளதச் சொல்லு. யாரு தட்டினது?”

“அது அவரு எழுதினது இல்ல அண்ணே. அவன்மாரு இஷ்டத்துக்கு எடுத்தது. அவரு எழுதட்டு.”

“அவன் எழுதுவான். அவனுக்கு நேரம் உண்டு, தோட்டம் உண்டு, ஒங்க உபதேசியாருக்க ஜெபம் உண்டு. எனக்கு என்னலே உண்டு?”

நான் ஒரு தமாஷ் சொல்லப் பார்த்தேன். வரவில்லை. எப்போதும் வரும்.

“எனக்கு அசல் வேண்டாம் மக்கா,” என்றார். “நகல் போதும். அந்தக் கதவத் தொறந்து ஒண்ணு காட்டு. அவன் எத்தன வருசமா தாழ்ப்பாளைப் பிடிச்சிட்டு நிக்கான். கஞ்சி ஆறிப்போயிருக்கும்.”

கூடத்துக்கு வந்தேன். அண்ணனின் மகன் போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். இத்தனை வருஷம் எதிலிருந்து ஓடினேனோ அதன் முன்னால் நானே போய் நின்றேன்.

“மக்கா, கதவத் தட்டினது யாரு?”

அவன் தலை நிமிர்ந்தான். “எந்தக் கதவு சித்தப்பா?”

“கணவாய்க் கதவுலே. செக்போஸ்ட்காரன்.”

“அது யாரு?”

“ஆரம்பத்துல ஒரு தடவ காட்டினான்மாருல்லா. வயசான ஆளு. ராணிக்க பொதியச் சோதிக்கும்.”

அவன் யோசித்தான். மரியாதைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே யோசித்தான். “அந்த ஆளா? அதுக்குப் பிறவு வரல்லியே. அப்பிடி ஒரு கதவே வராது சித்தப்பா.”

நான் நம்பவில்லை. கடையில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பல மத்தியானங்கள், மீதிப் பாகங்களை எல்லாம் உட்கார்ந்து பார்த்தேன். பறவைகள் வந்தன, ஊர்கள் எரிந்தன, பாலராமபுரத்துக்காரி வெள்ளை மாற்றிக் கறுப்பு உடுத்தினாள். ஒவ்வொரு தடவை பனி தெரியும்போதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கணவாய் வந்தது. படை அதன் வழியாகப் போயிற்று. கதவு இல்லை. சும்மா திறந்த வழி. நாலு குதிரை ஒன்றாகப் போகலாம்.

நான் என்ன செய்வேன்? சிரித்தேன். இல்லாத ஒன்று காதில் விழுந்துவிடுமோ என்று மாமாவின் அடக்கத்தைத் தவறவிட்டேன். இல்லாத கதவுக்குப் பயந்து ஊரையே வாயைப் பொத்தி உட்கார வைத்தேன். இல்லாத அந்த ஒரு தட்டுக்காக அண்ணனின் பக்கத்தில் உட்கார வேண்டிய ஞாயிறுகளை விட்டேன். அந்தக் கதவு உலகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கிறது, கொழுப்பு படிந்த இமைகளுக்குப் பின்னால், ஒரு கிழவரின் தலைக்குள். அவரோ வெளியே நின்று பூசணிக்குத் தண்ணீர் விடுகிறார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்து ஷட்டரை ஏற்றவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

அடுத்த ஞாயிறு அண்ணனிடம் பொய் சொல்வதென்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். அண்ணனுக்கு ஒரு ஊகம் உண்டு. கதவைத் தட்டுவது செக்போஸ்ட்காரனின் பெண்டாட்டி என்று. எல்லை மூடின நாளில் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டவள். அவளையே கொண்டுவந்துவிடலாம். கிழவன் கேஸ் போட வரப்போவதில்லை.

மோதிரம் கம்பியில் இரண்டு தட்டு தட்டியது. பல வருஷத்துக்குப் பிறகு கேட்ட டபுள் பெல்.

“கஞ்சிக் கிண்ணத்தைக் கீழ வச்சான்,” என்று ஆரம்பித்தேன். “தாழ்ப்பாள்ல ஐஸ் பிடிச்சிருந்து. வாய் வச்சு ஊதினான். மறுபடியும் தட்டுற சத்தம். பலமா இல்ல, வீட்டுக்காரங்க தட்டுற மாதிரி. தாழ்ப்பாளைத் தூக்கினான். கதவு பனியத் தள்ளிட்டுத் தொறந்து. வெளிய ஒரு பெம்பிள, தலையில துணி போட்டு...”

ஒரு தட்டு.

நிறுத்தினேன். மைனி மாத்திரை கொண்டுவரவில்லை. அண்ணன் மூத்திரத்துக்கும் எழும்பவில்லை. கண் கூரையைப் பார்த்தபடி இருந்தது.

“எலே, இது டிவில உள்ளதா?”

“ஆமா.”

“டிவில ஐஸ் பிடிச்சத வாய் வச்சு ஊதினதையெல்லாம் காட்டுவானா?”

நான் போர்வையை அவர் காலுக்கு இழுத்துவிட்டேன்.

“அப்ப அந்தக் கிழவன் எழுதினதா?”

“ஆமா. எழுதிட்டாரு.”

“பொய் பறையாத. அஞ்சு புஸ்தகத்துல ஒரு தடவயாவது நான் நெனச்சது நடந்திருக்கா? நான் பொழச்சுப்பான்னு நெனச்சவன் எல்லாம் செத்தான். அவன் எனக்க சொல்லுக்கு ஒருத்தியக் கொண்டுவந்து நிறுத்தமாட்டான். இது நீயாக்கும்.”

சொல்லிவிட்டேன். டிவியில் அந்த ஆளே இல்லை, கதவே இல்லை, வழி திறந்து கிடக்கிறது என்று எல்லாவற்றையும். அண்ணன் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, மைனி ஓடி வந்து நெஞ்சைத் தடவினாள்.

“ஸ்டாப்ல ஆள் நிக்கது கண்டும் நிறுத்தாமப் போயிட்டான்மாரு,” என்றார் மூச்சு வந்ததும். “வண்டி நெறைஞ்சா அப்பிடித்தான் போவோம். நானும் போயிருக்கேன். கண்ணாடில பாத்தா, கையக் காட்டிட்டே நிப்பான்.”

“நான் வேற மாதிரி முடிக்கட்டுமா?” என்று கேட்டேன். “தட்டினது வேற ஆளுன்னு...”

“வேண்டாம். நிறுத்தினது நிறுத்தினபடி கெடக்கட்டு. நான் எறங்கல்ல.”

அன்றிலிருந்து வண்டி அங்கேதான் நிற்கிறது. இப்போது அண்ணன் பகலில் பெரும்பாலும் தூங்குகிறார். விரல் மெலிந்து மோதிரம் கழன்று விழுந்துகொண்டே இருந்ததால் மைனி அதைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டாள். வெறும் விரலால் கம்பியில் தட்டினால் சத்தம் வருவதில்லை. அவர் தட்டுகிறாரா, கை தானாக ஆடுகிறதா என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

போன ஞாயிறு விழித்திருந்தார். “அவன் எழுதினானா?” என்றார்.

“பூசணி அறுவடை முடிஞ்சுதாம்.”

உதடு கொஞ்சம் விரிந்தது. விரல் கம்பியில் ஒருமுறை பட்டது. இன்னொரு தடவை படுமா என்று அந்த விரலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மைனி வந்து விளக்கைப் போட்டாள். அண்ணன் தூங்கிவிட்டிருந்தார்.